பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் இணையத்தில் எழுதுவதைக் கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா ஆண்டுகளில் நோயாளிகள் இணையத்தில் கேட்ட கேள்விகளும் சொன்ன அறிகுறிகளும் மருத்துவத் துறைக்கு எந்த அளவு பயன்பட்டன, எங்கே ஏமாற்றின, எங்கே கண்டுகொள்ளாமல் விடப்பட்டன என்பது பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை.

இது என்ன வேலை? யார் செய்கிறார்கள்?

உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் போவதற்கு முன்பே பலர் கூகுளில் தேடிவிடுகிறார்கள். நோயாளிகள் குழுவில் "உங்களுக்கும் இப்படி இருந்ததா?" என்று கேட்கிறார்கள். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) புலம்புகிறார்கள். இப்படி எழுதப்படுவதை மொத்தமாகப் பார்த்து, எந்த ஊரில் என்ன நோய் கிளம்புகிறது, மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எது அவர்களுக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை. உலக சுகாதார அமைப்பு, பல நாடுகளின் சுகாதாரத் துறைகள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எல்லோரும் செய்கிறார்கள். நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவதற்கு இணையம் அவ்வளவாக உதவாது. மக்கள் மனதில் என்ன கேள்வி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சுற்றித்தான் வரும்.

கொரோனாவோடுதான் இது தொடங்கியதா?

இல்லை. 1994இலேயே ப்ரோமெட் என்ற மின்னஞ்சல் சேவை தொடங்கிவிட்டது. உலகின் எந்த மூலையிலாவது வழக்கத்துக்கு மாறான நோய் தெரிந்தால் மருத்துவர்கள் அதற்கு எழுதுவார்கள். பதிப்பாசிரியர் குழு சரிபார்த்து எல்லோருக்கும் அனுப்பும்.

அதன் பெயர் பெற்ற சம்பவம் 2003 பிப்ரவரி 10 அன்று நடந்தது. அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதிய சிறு கடிதத்தை ப்ரோமெட் வெளியிட்டது. பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய அரட்டை அறையில் பழக்கமான ஒருவர் சீனாவின் குவாங்சோ நகரில் இருக்கிறார், அங்கே மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன, ஆட்கள் சாகிறார்கள் என்கிறார், இதுபற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா? கடிதத்தின் சாரம் அவ்வளவுதான். அடுத்த நாளே 305 பேருக்கு நோய், 5 பேர் இறப்பு என்று சீனத் தரப்பிலிருந்து தகவல் வந்தது. அதுதான் சார்ஸ் என்ற கடுமையான நுரையீரல் தொற்று. யாரோ ஒருவர் அரட்டை அறையில் தட்டச்சு செய்த வரிகள், அதைக் கேள்வியாக மாற்றிச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த ஒரு மருத்துவர், அதைக் குப்பையில் போடாத ஒரு பதிப்பாசிரியர் குழு. இந்த மூன்றில் எது குறைந்திருந்தாலும் செய்தி வெளியே வந்திருக்காது.

2019 டிசம்பர் 30 இரவும் கிட்டத்தட்ட அதேதான். வூஹான் நகரச் சுகாதாரத் துறையின் அவசர அறிவிப்பு சீனச் சமூக ஊடகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ப்ரோமெட், காரணம் தெரியாத நிமோனியா பற்றி விவரம் கேட்டு நள்ளிரவுக்குச் சற்று முன் பதிவு போட்டது. இணையச் செய்திகளைத் தானாகத் திரட்டும் ஹெல்த்மேப் என்ற முறையும் அதே நாளில் எச்சரிக்கை தந்தது.

அதே டிசம்பர் 30 அன்றுதான் வூஹானின் கண் மருத்துவர் லி வென்லியாங் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில், உடன் படித்தவர்களின் குழுவில் எச்சரிக்கை எழுதினார். 2020 ஜனவரி 3 அன்று போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பியதாகக் கண்டித்து எழுதி வாங்கியது. பிப்ரவரி 7 அன்று அதே நோயில் அவர் இறந்தார். கவனிப்பதிலும் இரண்டு விதம் இருக்கிறது. என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கலாம். யார் சொன்னது என்றும் கவனிக்கலாம். இரண்டாவது வகை ஆரம்பித்துவிட்டால் மக்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் கவனிக்க எதுவும் இருக்காது.

மருத்துவமனைக் கணக்கு இருக்கிறதே, அது போதாதா?

மருத்துவமனைக் கணக்கு தாமதமாக வரும். ஒருவருக்குத் தொண்டை கரகரக்க ஆரம்பித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு, டெஸ்ட் கொடுத்து, ரிசல்ட் வந்து, அது அரசுப் பட்டியலில் ஏறுவதற்குள் ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிடும். சீனாவில் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை வெய்போ என்ற சமூக ஊடகத்தில் வந்த சுமார் 1.5 கோடி கொரோனா பதிவுகளை ஆராய்ந்த ஒரு குழு, தனக்கோ வீட்டாருக்கோ அறிகுறி இருப்பதாக எழுதிய பதிவுகள் மட்டும் அரசின் தினசரி எண்ணிக்கையை 14 நாள் வரை முன்கூட்டியே காட்டின என்று கண்டது. பொதுவாகக் கொரோனா பற்றிப் பேசும் பதிவுகள் வேறு, "எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்" என்ற பதிவு வேறு. பிரிக்கத் தெரியாதவருக்கு 1.5 கோடியும் வெறும் இரைச்சல்தான்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். மருத்துவமனைப் படிவத்தில் இல்லாத அறிகுறியை அங்கே யாரும் எழுத மாட்டார்கள். வாசனை தெரியாமல் போனதை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் மாதமே பல நாடுகளில் மக்கள் இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் காபி மணக்கவில்லை, தாளிப்பு மணக்கவில்லை, ஆனால் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு அந்த மாதமே எச்சரித்தது. மார்ச் 24 அன்று அங்கே ஒரு செயலி வந்தது. தினமும் உடல்நிலையை மக்களே அதில் பதியலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 26 லட்சம் பேர் தந்த தகவலை வைத்து மே மாதம் வந்த ஆய்வில், தொற்று உறுதியானவர்களில் 65 சதவீதம் பேர் வாசனை அல்லது சுவை போனதாகச் சொல்லியிருந்தார்கள். தொற்று இல்லை என்று வந்தவர்களில் சுமார் 22 சதவீதம்தான்.

இவ்வளவுக்கும் பிரிட்டன் அரசு அதை அதிகாரப்பூர்வ அறிகுறியாகச் சேர்த்தது மே 18 அன்று. இந்தியா சேர்த்தது ஜூன் 13 அன்று. இடைப்பட்ட வாரங்களில், காய்ச்சல் இல்லை என்பதால் டெஸ்ட் கிடைக்காமல், தனக்கு நோய் இருப்பது தெரியாமல், வயதான அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் மனது கனக்கிறது.

வாசனை மெழுகுவர்த்திகளின் விமர்சனங்களிலும் கொரோனா தெரிந்தது என்ற கதை உண்மையா?

உண்மைதான். 2020 நவம்பரில் ஒருவர், இணையக் கடைகளில் வாசனை மெழுகுவர்த்திகளுக்கு வரும் விமர்சனங்களை வரைபடமாக்கிக் காட்டினார். "வாசனையே இல்லை" என்ற புகார் அந்த ஆண்டு ஏறியிருந்தது, வாங்கியவர்கள் தந்த மதிப்பெண் சரிந்திருந்தது. வாசனை இல்லாத மெழுகுவர்த்திகளுக்கு அந்த அளவு சரிவு இல்லை. இதை வைத்து யாரும் ஊரடங்கு போட முடியாது. ஆனால் நோய் எங்கெல்லாம் தடம் விட்டுப்போகிறது என்பதற்கு நல்ல உதாரணம்.

கூகுள் தேடலை வைத்தே காய்ச்சலைக் கணித்தார்களாமே, அது என்ன ஆனது?

2008இல் கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. காய்ச்சல் தொடர்பான தேடல்களை வைத்து, அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கைவிடச் சீக்கிரமாக ஃப்ளூ நிலவரத்தைச் சொல்வதாகத் திட்டம். 2009இல் பன்றிக்காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது. 2012-13 குளிர்காலத்தில் உண்மை நிலவரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னது. 2015இல் மூடிவிட்டார்கள்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. நோய் வந்தவர் மட்டும் தேடுவதில்லை. டிவியில் செய்தி பார்த்துப் பயந்தவரும் அதே வார்த்தையைத்தான் தேடுகிறார். போதாததற்கு, கூகுளே தன் தேடல் பக்கத்தை அடிக்கடி மாற்றி, நோய் பற்றிய வார்த்தைகளைத் தானாகப் பரிந்துரைத்தது. பயமும் நோயும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிட்டன. பயத்தைப் பயமாகவே அளந்திருந்தால் அந்தத் தகவலும் உருப்படியாகப் பயன்பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த மாவட்டத்தில், எந்த வாரத்தில், மக்கள் எதைப் பற்றிக் கலங்கிப் போயிருக்கிறார்கள் என்பது ஒரு சுகாதார அதிகாரிக்குத் தேவையான செய்திதானே.

நீண்டகாலக் கோவிட்டை நோயாளிகளே கண்டுபிடித்தார்கள் என்பது சரியா?

சரி. 2020 வசந்தத்தில், லேசான கோவிட் என்றால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்பதுதான் பொதுவான பேச்சு. ஆனால் ஆறு வாரம் ஆகியும் மாடிப்படி ஏற முடியாதவர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் லொம்பார்டியில் நோய்ப்பட்ட தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ 2020 மே 20 அன்று 'லாங் கோவிட்' என்ற ஹேஷ்டேக்கை எழுதினார். அதற்குச் சில நாள் முன்பே, மே 11 அன்று, ஸ்லாக் என்ற குழு அரட்டைத் தளத்தில் இயங்கிய ஓர் ஆதரவுக் குழுவைச் சேர்ந்த நோயாளிகள் தங்களுக்குள் ஆய்வு நடத்தி 640 பேரின் பதில்களை அறிக்கையாகவே வெளியிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே நோயாளி ஆய்வாளர்கள் 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரை வைத்து மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். உலக சுகாதார அமைப்பு இந்த நோய்க்கு முறையான வரையறை வெளியிட்டது 2021 அக்டோபரில். நோயாளிகள் சொல்லி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து.

இடையில் பலருக்கு டாக்டர்கள் சொன்ன பதில், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், டென்ஷன்தான், ரெஸ்ட் எடுங்க." நெகட்டிவ் வந்த பிறகு உடம்பு முடியவில்லை என்று சொன்னால் வீட்டிலும் நம்ப ஆளில்லை. நம்மூரிலும் இது நிறையவே நடந்தது. அந்த நேரத்தில் முகம் தெரியாத ஒருவர் "எனக்கும் அப்படியே" என்று எழுதியதுதான் அவர்களுக்குக் கிடைத்த முதல் மருத்துவத் தகவல்.

தடுப்பூசிக்குப் பிறகு மாதவிடாய் மாறியது என்று பெண்கள் எழுதினார்களே?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கவனித்தால் என்ன நடக்கும், கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் இரண்டும் இதில் இருக்கின்றன.

தடுப்பூசிச் சோதனைகளில் காய்ச்சல், தலைவலி, கைவலி எல்லாம் கேட்டார்கள். மாதவிடாய் பற்றிக் கேட்கவில்லை. 2021 தொடக்கத்தில் ஊசி போட்ட பெண்கள் சிலர், உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது, நாள் தள்ளிப்போகிறது என்று இணையத்தில் எழுத ஆரம்பித்தார்கள். அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் கேட் கிளான்சி பிப்ரவரியில் தன் அனுபவத்தை ட்விட்டரில் எழுதி மற்றவர்களையும் கேட்டார். பதில்கள் வந்து குவிந்தன. அவரும் சக ஆய்வாளர் காதரின் லீயும் சேர்ந்து ஆய்வு நடத்தினார்கள். சீரான மாதவிடாய் உள்ளவர்களில் 42 சதவீதம் பேர் உதிரப்போக்கு அதிகமானதாகச் சொன்னார்கள். அனுபவம் உள்ளவர்கள்தான் இப்படிப்பட்ட ஆய்வுக்கு அதிகம் முன்வருவார்கள் என்பதால், ஊசி போட்ட எல்லாப் பெண்களிலும் 42 சதவீதம் என்று இதைப் படிக்கக் கூடாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை.

அப்புறம் முறையான அளவீடு வந்தது. மாதவிடாய் நாட்களைப் பதியும் ஒரு செயலியின் தகவலை வைத்து 3,959 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022 ஜனவரியில் வெளியானது. ஊசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டிருந்தது. பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு, எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா வகை) தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக உதிரப்போக்கைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. பெண்கள் சொன்னது உண்மை, பெரும்பாலும் தற்காலிகமானது. இந்த இரண்டு வாக்கியங்களை 2021 வசந்தத்திலேயே யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சொல்லாததால் இந்தியாவில் என்ன ஆனது என்று பாருங்கள். 2021 ஏப்ரலில், 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஊசி திறப்பதற்குச் சற்று முன், மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்பும் பின்பும் ஊசி போடக் கூடாது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவு மறுத்தது. மறுத்தது சரிதான். ஆனால் அந்தப் பொய்க்கு அடியில் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. எந்தப் பெண்ணும் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு யாரிடமும் பதில் தயாராக இல்லை.

அப்படியானால் வதந்தியையும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். 2019 டிசம்பர் கடைசி முதல் 2020 ஏப்ரல் தொடக்கம் வரை 87 நாடுகளிலிருந்து 25 மொழிகளில் திரட்டப்பட்ட, வதந்தி போலத் தெரிந்த 2,311 பதிவுகளை ஆராய்ந்தபோது, சரிபார்த்தவற்றில் 82 சதவீதம் பொய் என்று தெரிந்தது. ஈரானில் சாராயம் கிருமியைக் கொல்லும் என்று நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

தமிழ்நாட்டில் நமக்கெல்லாம் நினைவிருப்பது நடிகர் விவேக் மறைவு. 2021 ஏப்ரல் 15 அன்று, மற்றவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று பொதுவெளியில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உடனே சொல்லப்பட்டது. ஆனாலும் ஊரெல்லாம் பேச்சு வேறு மாதிரி போனது. தடுப்பூசிப் பின்விளைவுகளைப் பார்க்கும் தேசியக் குழு ஆராய்ந்து, ஊசி காரணமில்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில். ஆறு மாதம் என்பது ஓர் ஆய்வுக்கு நியாயமான அவகாசமாக இருக்கலாம். ஊசி போடப் பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த அறுபது வயதுக்காரருக்கு, இரண்டாம் அலை உச்சத்தில், ஆறு மாதம் மிக நீளம். அந்த இடைவெளியில் "ஹார்ட் பேஷன்ட் ஊசி போடலாமா?" என்று கேட்டவர்களுக்கு வாராவாரம் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் எழுதினால் யாராவது கவனிக்கிறார்களா?

குறைவு. உலக சுகாதார அமைப்பு கொரோனாவின்போது கொண்டுவந்த சமூக ஊடகக் கவனிப்புக் கருவி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற சில மொழிகளில்தான் இயங்கியது. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறோம். மீதிப் பேர் குரல் பதிவு அனுப்புகிறோம். "மூச்சு வாங்குது", "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு", "சாச்சுரேஷன் 91 காட்டுது, ஆஸ்பத்திரி போகணுமா?" இவையெல்லாம் அவசரக் குரல்கள் என்று நம்மூர் நர்ஸுக்குத் தெரியும். பாடப்புத்தகத் தமிழில் பயிற்சி பெற்ற மென்பொருளுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய தடை, நம் பேச்சில் பெரும்பங்கு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நடக்கிறது. அது வெளியாருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இரண்டாம் அலையில் படுக்கை, ஆக்சிஜன் கேட்டு வந்த பதிவுகளும் இதில் சேருமா?

சேரும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பதிவுகளே நிலவரத்தைக் காட்டின. எந்த நகரத்தில் ஆக்சிஜன் தீர்கிறது, எங்கே ரெம்டெசிவிர் மருந்துக்கு வரிசை நிற்கிறது என்று அறிக்கை வருமுன் அவை சொல்லின. தமிழ்நாட்டில் 104 சேவையோடு ட்விட்டர் கணக்கும் திறந்து, படுக்கை கேட்டவர்களுக்கு அங்கேயே பதில் சொன்னார்கள். பாராட்ட வேண்டிய வேலை. அதே நாட்களில் சில மாநிலங்களில் இப்படிக் கேட்டவர்கள்மீது நடவடிக்கை என்ற பேச்சு வந்தபோது, உதவி கேட்டுப் பதிவிடுபவர்களை ஒடுக்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று சொன்னது.

ஒன்றை மறக்கக் கூடாது. ட்விட்டர் தெரிந்தவருக்குத்தான் அங்கே குரல். ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டி, செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பம், இவர்கள் எந்த வரைபடத்திலும் வரமாட்டார்கள். இணையத்தில் சத்தம் இல்லாத ஊரில் நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டால் அது பெரிய தவறு. அங்கே கிராமச் சுகாதாரச் செவிலியர் நேரில் கேட்டுவந்து சொல்வதுதான் தகவல்.

நான் எழுதியதை யாரோ படித்து ஆய்வு செய்வது சரியா?

பொதுவில் எழுதியதை, பெயர் இல்லாமல், மொத்த எண்ணிக்கையாகப் பார்ப்பதை நான் ஏற்கிறேன். உள்ளே நுழைய கடவுச்சொல் தேவைப்படும் குழுவில் சத்தமில்லாமல் புகுவதை ஏற்க மாட்டேன். 2010இல் பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற நோயாளிகள் தளத்தில், மனநிலை பற்றி உறுப்பினர்கள் மனம் விட்டுப் பேசிய பகுதியைச் சந்தை ஆய்வு நிறுவனமான நீல்சன் மென்பொருள் வைத்து நகலெடுத்தது பிடிபட்டது. அங்கே எழுதியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னொரு விஷயம்: பெயரை எடுத்துவிட்டாலும் ஒருவர் எழுதிய வாக்கியத்தை அப்படியே அச்சிட்டால், அதைத் தேடலில் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கருத்தை மட்டும் சொந்த வார்த்தையில் சொல்வதே முறை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எளிதுதானே?

தரம் பிரிக்க உதவும். ஆனால் பிரிக்கப் பதிவுகள் வேண்டுமே. 2023இல் ட்விட்டர், பதிவுகளை மொத்தமாகத் திரட்ட ஆய்வாளர்களுக்கு இருந்த இலவச அணுகலை நிறுத்தியது; 2024 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், பொதுப் பதிவுகளைத் தேடிப் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மூடியது. அடுத்த பெருந்தொற்று வந்தால் ஆய்வாளர்கள் 2020இல் பார்த்த அளவுகூடப் பார்க்க முடியாது.

நான் ஒரு குழுவின் அட்மின். என்ன செய்யலாம்?

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். பெயரோ எண்ணோ வேண்டாம். கேள்வியும் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதும் போதும். அதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டிப் பதில் வாங்கி, குழுவில் போடுங்கள். "தெரியவில்லை, விசாரிக்கிறோம்" என்பதும் நல்ல பதில்தான். தவறான தகவல் போட்டவரை உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அவர் வேறு குழுவில் அதையே போடுவார், அங்கே உங்களைப் போல ஒருவர் இல்லாமல் போகலாம்.

மருந்தாலோ ஊசியாலோ எனக்கு ஏதோ ஆகிறது. இணையத்தில் எழுதினால் போதுமா?

போதாது. இணையப் பதிவு எந்த அரசுக் கணக்கிலும் தானாக ஏறாது. இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர் மட்டுமின்றி நோயாளியும் நேரடியாகச் சொல்லலாம். என்ன மருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆனது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பேட்ச் எண் அதில்தான் இருக்கும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, முகவீக்கம் என்றால் முதலில் 108.